யானைக்கு எந்த முகபடாம்?

போஸ்ட்கிரெஸ் என்னும் திறமூலத் தரவுத்தளத்தின் சின்னம் யானை. ஆண்டுக்கு ஒரு முறை அது புதுப் பதிப்போடு வெளியே வருகிறது. உள்ளே நூற்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். அவற்றில் எதை நெற்றியில் கட்டி ஊருக்குக் காட்டுவது? இதைப் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை எல்லாம் இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

கே: தரவுத்தளம் என்றால் என்னவென்று என் மாமியார் கேட்கிறார். ஒரே வரியில் சொல்லுங்கள் ஐயா.
*– இல்லத்தரசி, சுங்கை ரம்பாய்*

செம்பனைக் குலை விற்ற பணம் உங்கள் கணக்கில் ஏறியதை வங்கி நாளைக்கும், பத்து ஆண்டு கழித்தும் மறக்காமல் வைத்திருக்கிறதே, அந்த நினைவு இருக்கும் இடம். மாமியாரிடம் வங்கிப் புத்தகத்தைக் காட்டியே சொல்லுங்கள்.

கே: இந்தத் தரவுத்தளத்துக்கு முதலாளி இல்லை என்கிறார்கள். அப்படியானால், 'இதுதான் முக்கிய அம்சம்' என்று முடிவு செய்வது யார்?
*– பாலிடெக்னிக் மாணவர், மெர்லிமாவ்*

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. 1986-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய ஆய்வு இது. பத்து ஆண்டு கழித்து, 1996-இல், போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று பெயர் மாறியது. அன்றிலிருந்து உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நிரலாளர்கள்தான் வளர்க்கிறார்கள்.

ஆண்டுச் சுழற்சி ஏறக்குறைய ஒரே மாதிரி. ஏப்ரல் தொடக்கத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு புது அம்சம் எதுவும் உள்ளே வராது. மே மாத வாக்கில் சோதனைப் பதிப்பு. செப்டம்பரிலோ அக்டோபரிலோ முழு வெளியீடு. இந்த இடைவெளியில்தான் வெளியீட்டுக் குறிப்பு உருவாகிறது. பல ஆண்டுகளாக இந்த வேலையைத் தலையில் சுமந்தவர் புரூஸ் மோம்ஜியன். ஓராண்டில் மூலநிரலில் நடந்த மாற்றங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்து, பயனருக்குத் தெரிய வேண்டியவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒன்றிரண்டு வரியில் எழுதுவார். அந்த நீண்ட பட்டியலுக்கு மேலே 'முக்கிய அம்சங்கள்' என்று ஒரு சிறு பகுதி உண்டு. முதல் வரைவில் அது பெரும்பாலும் காலியாகவே இருக்கும். மற்றதெல்லாம் எழுதி முடித்த பிறகுதான் அதை நிரப்புவார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஒழுங்கு இது. முழுவதையும் படிக்காமல் முக்கியமானதைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அவர்கள் நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள்.

இதற்கு அப்பால் பத்திரிகைகளுக்கான செய்திக்குறிப்பு ஒன்றையும் தொண்டர்கள் தயாரிக்கிறார்கள். அதில் இடம் இன்னும் குறைவு. சண்டையும் அங்கேதான் கூடுதல்.

கே: தேர்ந்தெடுக்க ஏதாவது விதி உண்டா? அல்லது கை பார்த்துக் கொடுப்பதுதானா?
*– மென்பொருள் சோதனையாளர், ஆயர் குரோ*

எழுதி வைத்த விதி என்று எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. பழைய வெளியீடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே எது நின்றது என்று தெரிகிறது.

2010 செப்டம்பரில் வந்த 9.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முதலில் வைத்திருந்த எண் 8.5. ஒரு சர்வரில் எழுதியதை உடனுக்குடன் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் வசதியும், அந்த இரண்டாவது சர்வரிலிருந்து படிக்கும் வசதியும் அதில் சேர்ந்தன. அதற்கு முன் அதைச் செய்ய ஸ்லோனி போன்ற தனிக் கருவிகளைக் கட்டி மேய்க்க வேண்டும்; சிறு நிறுவனங்கள் அதன் பக்கமே போகாது. இந்த இரண்டும் வந்ததும் வெளியீட்டின் எண்ணையே 9.0 என்று மாற்றினார்கள். முக்கிய அம்சம் எது என்று அந்த ஆண்டு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2014 டிசம்பரில் 9.4. ஊரெல்லாம் மோங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தின் பேச்சாக இருந்த காலம் அது. 'அட்டவணை கட்டுப்பாடு வேண்டாம், ஆவணமாகவே போட்டு வைக்கலாம்' என்று இளைஞர்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். 9.4-இல், ஜேசன் வடிவ ஆவணங்களை வைக்க, ஜேசன்பி என்ற தரவு வகை வந்தது. ஆவணத்தையும் அட்டவணையையும் ஒரே வீட்டில் வைக்கலாம், இண்டெக்ஸ் போட்டு விரைவாகத் தேடலாம். அதை முன்னால் வைத்தது சரியான தேர்வு. அந்த நேரத்தில் வெளியே இருந்தவர்கள் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அது பதில்.

2016 ஜனவரியில் 9.5. 'இந்த வரி ஏற்கெனவே இருந்தால் திருத்து, இல்லையென்றால் புதிதாகச் சேர்' என்பதை ஒரே கட்டளையில் செய்யும் வசதி. அதற்கு முன் ஒவ்வொரு நிரலாளரும் அதைத் தாமே சுற்றி வளைத்து எழுதினார்கள், பலர் தவறாக எழுதினார்கள்.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. நேற்று முடியாத ஒரு வேலை இன்று முடிகிறது. அந்த வேலை பலருக்கு இருக்கிறது. அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறது. நான் பார்த்தவரை இந்த மூன்றும் கூடிய அம்சம் முன்னால் நின்று ஏமாற்றியதில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரண்டாம் பத்தி போதும்.

கே: இரண்டு மூன்று ஆண்டு உழைத்து ஒருவர் எழுதிய அம்சத்தைப் பின்னால் தள்ளினால் அவர் மனம் புண்படாதா?
*– ஆசிரியை, ஜாசின்*

புண்படும் அம்மா. ஆனால் செய்திக்குறிப்பு பயனருக்காக எழுதப்படுவது. எழுதியவருக்கான நன்றி வெளியீட்டுக் குறிப்பில் இருக்கிறது: ஒவ்வொரு வரியின் முடிவிலும் அதைச் செய்தவர்களின் பெயர் உண்டு. கடைசியில் பங்களித்தவர்கள் அனைவரின் பெயரும் அகர வரிசையில் வரும். ஆயிரம் வரி எழுதியவரும் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டியவரும் அங்கே ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

கே: பெரிய நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதுகிறார்களாமே. அவர்கள் எழுதியதுதானே முன்னால் வரும்?
*– லாரி நிறுவன உரிமையாளர், மூவார்*

வர வாய்ப்புண்டு என்பதால்தான் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். இந்தத் திட்டத்தை வழிநடத்தும் மையக் குழுவில் எந்த ஒரு நிறுவனத்தின் ஆட்களும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. 2020-இல் இடிபி என்ற போஸ்ட்கிரெஸ் நிறுவனம் அதே துறையின் 2ndகுவாட்ரன்ட் நிறுவனத்தை வாங்கியது. ஒரே நாளில் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே முதலாளியிடம் வந்துவிட்டார்கள். அந்த நவம்பரிலேயே வேறு இரண்டு பேரைச் சேர்த்துக் குழுவை ஏழு பேராக்கிச் சமன் செய்தார்கள். வெளியீட்டுக் குறிப்பிலும் ஆள் பெயர்தான் வரும், நிறுவனத்தின் பெயர் வராது.

கே: 'மூன்று மடங்கு வேகம்', 'இருபது மடங்கு குறைவு' என்று எழுதுகிறார்களே, நம்பலாமா?
*– செம்பனை ஆலையில் லாரி எடை பதிபவர், ஜாசின் மாவட்டம்*

எண்ணுக்கு முன்னால் 'வரை' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பின் தலைப்பு அம்சம், வட்டிலிருந்து தரவைப் படிக்கும் புது முறை. முன்பு ஒரு துண்டைக் கேட்டு, அது வரும்வரை காத்திருந்து, அடுத்ததைக் கேட்கும். இப்போது பல துண்டுகளைச் சேர்த்தே கேட்டுவிட்டு வேலையைத் தொடரும். சில வேளைகளில் 3 மடங்கு வரை வேகம் என்றார்கள். உண்மைதான், ஆனால் அது வட்டிலிருந்து படிக்கும்போது. பெரிய அட்டவணையை முழுதாகப் புரட்டும் வேலைக்கு அது பொருந்தும். உங்கள் ஆலையின் ஓராண்டு எடைப் பதிவு முழுக்கவும் கணினியின் நினைவகத்திலேயே அடங்கிவிடக்கூடும். அப்படியானால் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

17-ஆம் பதிப்பில் சொன்ன 20 மடங்கும் அப்படித்தான். அழித்த வரிகளின் இடத்தைத் துப்புரவு செய்யும் 'வேக்யூம்' என்ற வேலைக்குத் தேவைப்படும் நினைவகம் 20 மடங்கு வரை குறையும் என்பது அதன் பொருள். கேள்விக்கான விடை 20 மடங்கு விரைவாக வரும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர் அப்படித்தான் படிக்கிறார். எண்ணைப் போடுகிறவர் எந்த வேலையில், எந்த அளவில் என்பதையும் அதே வாக்கியத்தில் போட வேண்டும். தனி வாக்கியத்தில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

கே: முன்னால் காட்டிவிட்டுப் பிறகு கொடுக்காமல் போன அம்சம் உண்டா?
*– பல்கலைக்கழக மாணவி, புக்கிட் பெருவாங்*

உண்டு, கேட்டதற்கு நன்றி. எனக்கு இந்தக் குழுவின் மேல் மதிப்பு கூடியதே இந்தக் கதைகளால்தான்.

2022-இல் 15-ஆம் பதிப்பின் முதல் சோதனை வெளியீட்டு அறிவிப்பில் எஸ்கியூஎல் ஜேசன் என்ற தொகுதியைப் பெருமையாகச் சொன்னார்கள். ஜேசன் ஆவணத்தை அட்டவணையாக விரித்துக் காட்டும் வசதியும் அதில் அடக்கம். சோதனை நடக்க நடக்க, அந்த நிரலின் அடித்தளத்திலேயே கேள்விகள் எழுந்தன. வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருந்தன. செப்டம்பரில் முழுத் தொகுதியையும் வெளியே எடுத்தார்கள்; நான்காவது சோதனை வெளியீட்டின் அறிவிப்பில் அதை வெளிப்படையாகவும் சொன்னார்கள். அதன் ஒரு பகுதி 2023-இல் 16-ஆம் பதிப்பில் திரும்பி வந்தது. அட்டவணையாக விரிக்கும் வசதி 2024-இல் 17-ஆம் பதிப்பில்தான் வந்தது.

அதே 15-இல் தலைப்பு அம்சமாக வந்தது, சேர்த்தல், திருத்தல், நீக்கல் மூன்றையும் ஒன்றாகச் செய்யும் 'மெர்ஜ்' கட்டளை. அதற்கும் ஒரு பழங்கதை உண்டு. 2018 ஏப்ரலில், 11-ஆம் பதிப்புக்காக, கதவு சாத்தும் நேரத்தில் அதை உள்ளே சேர்த்தார்கள். மற்றவர்கள் குறைகளைக் காட்ட, சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து, திருந்திய வடிவில் திரும்பி வந்தது.

ஊருக்குச் சொல்லிவிட்டோமே என்று அரைகுறையாக வெளியிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? தரவுத்தளத்தில் பிழை என்றால் திரை உறைந்து நிற்பதோடு போகாது. யாரோ ஒருவருடைய மருத்துவப் பதிவு, சம்பளக் கணக்கு, சேமிப்பு தவறாகும். வெட்கத்தை ஏற்றுக்கொண்டு அம்சத்தைப் பின்வாங்கிய அந்த முடிவை நான் முழு மனதோடு பாராட்டுகிறேன். அதிலிருந்து ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம்: சோதனைக் காலத்தில் எதை முன்னால் வைக்கிறோமோ அதைத்தான் அதிகம் பேர் தட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே பழுது இருக்கக்கூடும் என்ற அச்சம் உள்ள அம்சத்தைச் சோதனை அறிவிப்பில் உரக்கச் சொல்லுங்கள், இறுதி அறிவிப்பில் உறுதியானதை மட்டும் சொல்லுங்கள்.

கே: சின்ன அம்சம் ஒன்று பெரிய மேடை ஏறியதுண்டா?
*– தபால் ஊழியர், பெம்பான்*

2018 அக்டோபரில் 11-ஆம் பதிப்பின் செய்திக்குறிப்பைப் படியுங்கள். அட்டவணைப் பிரிப்பு, இணைச் செயலாக்கம் என்று கனமான செய்திகளுக்குக் கீழே ஒன்று இருக்கும்: கட்டளைத் திரையிலிருந்து வெளியேற இனி 'குவிட்' என்றோ 'எக்ஸிட்' என்றோ தட்டினால் போதும். அதுவரை பின்சாய்கோட்டோடு கியூ தட்ட வேண்டும். புதிதாக வந்தவர்கள் உள்ளே போய்விட்டு வெளியே வர வழி தெரியாமல் திரையையே மூடிவிட்டுப் போனார்கள். அந்த ஒரு வரியைக் குறிப்பில் சேர்த்தவர் புதியவரின் முகத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

கே: நான் தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவன். கணினி தெரியாது. ஆனால் ஒரு புதுத் திட்டத்தை மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது என்பது எங்களுக்கும் இருந்த சிக்கல்தான். இரண்டும் ஒன்றா?
*– ஓய்வுபெற்றவர், சிலாண்டார்*

அடிப்படையில் ஒன்றுதான் ஐயா. உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்கும் சட்டதிட்டங்கள், பங்கு விதிகள், நிர்வாக அமைப்பு என்று பக்கம் பக்கமாக இருந்திருக்கும். தோட்டத்துக்குப் போய் லயத்து வாசலில் அவற்றையா படித்துக் காட்டியிருப்பார்கள்? பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம். தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தது அதுதான். வேலை போகும், வீடு போகும் என்று பயந்திருந்தவருடைய கேள்விக்கு நேராக வந்த பதில் அது. எது முதலில் என்பதைக் கேட்பவரின் கவலை முடிவு செய்தது.

கே: தமிழுக்கு ஏதாவது அம்சம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் ஏன் எங்கள் காதில் விழவில்லை?
*– தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர், சுங்கை ரம்பாய்*

எனக்கு ஆழமாக வலிக்கிற இடம் இது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

பள்ளியில் மாணவர் பெயர்களைத் தமிழில் பதிந்து, அகர வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். யூனிகோட் அட்டவணையில் எழுத்துகளுக்கு இருக்கும் எண்ணை மட்டும் வைத்து அடுக்கும் அமைப்பில் என்ன நடக்கும் தெரியுமா? ஜானகி ஞானத்துக்கு முன்னால் வந்து நிற்பாள், ஏனெனில் அங்கே 'ஜ' 'ச'வுக்கு அடுத்து இருக்கிறது. றகரம் ரகரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். னகரம் பகரத்துக்கு முன்னால் போய்விடும். 'வள்ளி' 'வழி'க்கு முன் வரும். க, ங, ச, ஞ என்று தொடங்கி ழ, ள, ற, ன என்று முடித்து, கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைக்கும் வரிசையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். கணினி தவறாக அடுக்கும்.

2017 அக்டோபரில் வந்த 10-ஆம் பதிப்பில் ஐசியு என்ற மொழி நூலகத்தைப் பயன்படுத்தி வரிசைப்படுத்தும் வசதி சேர்ந்தது. அதில் தமிழுக்கு ஒரு வரிசை முறை இருக்கிறது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்ற பெயர்களுக்கு நடுவில் மலேசியத் தமிழுக்கும் தனிப் பெயர் இருக்கிறது: டிஏ-எம்ஒய்-எக்ஸ்-ஐசியு. வரிசைப்படுத்தும் கட்டளையில் இந்தப் பெயரைக் குறிப்பிட்டால் ஜானகி தன் இடத்துக்குப் போவாள்.

அந்த 10-ஆம் பதிப்பின் 'முக்கிய அம்சங்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். தருக்கமுறை நகலாக்கம், அட்டவணைப் பிரிப்பு, இணைச் செயலாக்கம், வலுவான கடவுச்சொல் முறை என்று இருக்கும். ஐசியு அங்கே இல்லை, கீழே நீண்ட பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நான்கும் உலகம் முழுவதும் உள்ள பயனரைத் தொட்டவை. ஆனால் நம் பள்ளிக்கு முதல் வரி அதுதான். 2022-இல் 15-ஆம் பதிப்பில் முழுத் தரவுத்தளத்துக்கும் இதையே இயல்பாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அதுவும் நமக்குச் செய்தியாக வந்து சேரவில்லை.

உலகத்துக்கான முகபடாத்தை அவர்கள் கட்டட்டும். நமக்கானதை நாம்தான் கீழே உள்ள வரிகளிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அந்த நீண்ட பட்டியலைத் தமிழ் தெரிந்த ஒருவர் முழுதாகப் படித்து, தமிழ்ப்பள்ளி, கூட்டுறவுச் சங்கம், கோயில் நிர்வாகம் ஆகியவற்றுக்கு உதவும் நான்கைந்து வரிகளை மட்டும் எழுதினால் போதும். இவ்வளவு பேர் கணினித் துறையில் இருக்கும் நமக்கு அது முடியாத வேலையா?

கே: செய்திக்குறிப்பைத் தமிழில் வெளியிட அவர்கள் சம்மதிப்பார்களா?
*– அதே செயலாளர்*

பல மொழிகளில் தொண்டர்கள் ஏற்கெனவே அதை மொழிபெயர்க்கிறார்கள், கதவு திறந்துதான் இருக்கிறது. 8.3-ஆம் பதிப்புக் காலத்தில், 2008 வாக்கில், போஸ்ட்கிரெஸின் சில கருவிகள் தமிழிலேயே செய்தி காட்டின. நிரல் வளர்ந்தது, மொழிபெயர்ப்பைக் கூடவே வளர்க்க ஆள் இல்லாமல் போனது. அந்தக் கோப்புகள் பின்னர் நீங்கின. முரசு அஞ்சலைக் கட்டி எழுப்பிய முத்து நெடுமாறன் இந்த மலேசிய மண்ணைச் சேர்ந்தவர். தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்ததில் நம் பங்கு சிறியதன்று. உள்ளே இருந்த தமிழ் ஆளில்லாமல் வெளியே போனதை நாம் அப்படியே விடக் கூடாது.

கே: நாங்கள் மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறோம். எங்களுக்கும் ஒரு செய்தி உண்டா?
*– கணக்காய்வு நிறுவன ஊழியர், அலோர் காஜா*

உண்டு, அழகான செய்தி. மைஎஸ்கியூஎல் இன்னொரு திறமூலத் தரவுத்தளம். 2018 ஏப்ரலில் வந்த அதன் 8.0-இல் எழுத்துக் குறியாக்கத்தின் இயல்புநிலை நான்கு பைட் வரை கொள்ளும் முறையாக மாறியது. இதைப் பெரும்பாலும் இமோஜிக்காக என்று விளக்கினார்கள். நம் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டில் அடங்குவதால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் 2019-இல் யூனிகோட் 12.0, மா, காணி, முந்திரி போன்ற நம் பழைய பின்னங்களுக்கும் அளவைக் குறிகளுக்கும் 51 எழுத்துகளைச் சேர்த்தது. அவை நான்கு பைட் எழுத்துகள். பழைய மூன்று பைட் அமைப்பில் ஒரு முந்திரியைக்கூடச் சேமிக்க முடியாது. கோயில் ஆவணங்களையும் பழைய நிலக் கணக்கையும் பதிய நினைப்பவருக்கு அந்த மாற்றம்தான் தலைப்புச் செய்தி.

கே: திறமூலம் என்றால் இலவசம். அதையே முதல் அம்சமாகப் போட்டால் என்ன?
*– கடைக்காரர், மஸ்ஜித் தானா*

எல்லாப் பதிப்பிலும் இருப்பதைப் புதுப் பதிப்பின் செய்தி என்று சொல்ல முடியாது. மலேசிய அரசு 2004-லேயே பொதுத் துறைக்கான திறமூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டுவிட்டது. செலவு குறைவு என்ற செய்தி நமக்குப் பழையது. தவிரவும், மென்பொருள் இலவசம், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் இலவசம் இல்லை. அந்த ஆளின் வேலையை எது எளிதாக்குகிறதோ அதைச் சொல்லுங்கள்.

கே: கெட்ட செய்தியையும் முன்னால் சொல்ல வேண்டுமா?
*– நிறுவனக் கணினிப் பிரிவுத் தலைவர், மலாக்கா நகரம்*

கண்டிப்பாக. 15-ஆம் பதிப்பில் 'பப்ளிக்' என்னும் பொது இடத்தில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய சலுகையைப் புதுத் தரவுத்தளங்களுக்கு எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் அதை நம்பி எழுதிய நிரல்கள் அனுமதி இல்லை என்று நின்றன. வெளியீட்டுக் குறிப்பில் புது அம்சங்களுக்கு முன்னாலேயே 'இந்தப் பதிப்புக்கு மாறும்போது' என்றொரு பகுதி உண்டு. அதைத் தாண்டிப் போகிறவர்கள்தாம் பெரும்பாலோர். முதலில் அதைப் படியுங்கள்.

இன்னொரு ஆபத்து எந்தச் செய்திக்குறிப்பிலும் வராது, ஏனெனில் அது தரவுத்தளத்தில் நடந்ததே இல்லை. 2018-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-இல் எழுத்து வரிசை விதிகள் மாறின. இயங்குதளத்தை மட்டும் புதுப்பித்தவர்களின் இண்டெக்ஸ்கள் பழைய வரிசையிலேயே நின்றன. இருக்கும் வரியை 'இல்லை' என்று சொல்லத் தொடங்கின. டெபியன் 10-க்கோ ரெட்ஹாட் 8-க்கோ மாறியவர்கள் இண்டெக்ஸ்களை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. உங்கள் பிரிவில் யாராவது பழைய சர்வரை மாற்றப்போகிறார்கள் என்றால் இதை அவர் மேசையில் ஒட்டி வையுங்கள்.

கே: நானும் நண்பர்களும் பள்ளி வருகைப் பதிவுக்கு ஒரு திறமூலச் செயலி எழுதியிருக்கிறோம். புதுப் பதிப்பில் 14 மாற்றங்கள். வாட்ஸ்அப்பில் ஆசிரியர்களுக்கு எதை அனுப்புவது? பட்டியல்: புது நிறம், வேகமான தேடல், தரவுத்தள மேம்பாடு, இணையம் இல்லாமலே பதிவு, அறிக்கை அச்சிடுதல்...
*– மெர்லிமாவ் மாணவர்*

இணையம் இல்லாமலே பதிவு. வேறு யோசனையே வேண்டாம் தம்பி. செம்பனைக்கு நடுவில் இருக்கும் பள்ளிகளில் இணைப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'லைன் இல்லாவிட்டாலும் வருகையைப் பதியலாம், லைன் வந்ததும் தானாகச் சேர்ந்துவிடும்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே அறிக்கை அச்சிடுதல். தரவுத்தள மேம்பாட்டை ஆசிரியரிடம் சொல்லாதீர்கள். அதனால் என்ன கிடைத்ததோ அதைச் சொல்லுங்கள். நிறம் கண்ணுக்கே தெரியும்.

அனுப்பும் முன் ஒரு காரியம். இணைப்பைத் துண்டித்து, முப்பது பிள்ளைகளைப் பதிந்து, மீண்டும் இணைத்து, முப்பதும் வந்ததா என்று எண்ணுங்கள். இரண்டு கைத்தொலைபேசிகளில் ஒரே வகுப்பை மாற்றி மாற்றிப் பதிந்தும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் இந்த மாதம் அச்சிடுதலை முதல் வரியாக்குங்கள், இணையமில்லாப் பதிவை அடுத்த பதிப்புக்கு வையுங்கள்.

கே: 18-ஆம் பதிப்புக்கு நீங்கள் செய்திக்குறிப்பு எழுதியிருந்தால் எதை முதலில் வைத்திருப்பீர்கள்?
*– தரவுத்தள நிர்வாகி, சிங்கப்பூரில் வேலை, ஊர் சுங்கை ரம்பாய்*

மேம்படுத்தும் கருவியை. ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது, தரவின் பரவலைப் பற்றிச் சேர்த்து வைத்திருந்த புள்ளிவிவரங்கள் இதுவரை கூட வந்ததில்லை. மாற்றி முடித்து, சர்வரைத் திறந்துவிட்டால், புள்ளிவிவரம் மீண்டும் சேரும்வரை கேள்விகள் தவறான வழியில் ஓடித் தவழும். சனிக்கிழமை இரவு மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலை திட்டு வாங்கிய நிர்வாகிக்கு இது புரியும். 18-இல் பெரும்பாலான புள்ளிவிவரங்கள் கூடவே வந்துவிடுகின்றன. மேம்படுத்தப் பயந்து பழைய பதிப்பிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். அவர்கள் காலடியில் கிடந்த தடைகளில் ஒன்று போனது. மற்ற எல்லா அம்சங்களும் மேம்படுத்தியவருக்கு மட்டும்தானே கிடைக்கும்?

வட்டிலிருந்து படிக்கும் புது முறையை இரண்டாவதாக வைப்பேன். அது அடுத்து வரப்போகும் பல பதிப்புகளுக்கு அடித்தளம், அதை எழுதியவர்களின் ஆண்டுக்கணக்கான உழைப்பு எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டாவது.

கே: பள்ளிக் கணினியில் 13-ஆம் பதிப்பு இருக்கிறது. என்ன செய்ய?
*– அந்தச் செயலாளரே மீண்டும்*

ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஐந்து ஆண்டு பராமரிப்பு. 13-க்கு 2025 நவம்பரோடு அது முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது. பள்ளி விடுமுறையில் முதலில் பேக்கப் எடுங்கள், எடுத்ததை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், பிறகு 18-க்குப் போங்கள். பெயர்ப் பட்டியலுக்கு மலேசியத் தமிழ் வரிசையை வைக்க மறக்காதீர்கள். இடையில் சிக்கினால் எழுதுங்கள்; ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன்.